சாமிக்கு விட்ட முடி

அவனை நான் எடுத்த முதல் ரோலில் ஒரு படத்தில்கூட மூஞ்சி இல்லை. முடிதான் இருந்தது. பாடும்போது தலையை அப்படி ஆட்டுவான். என்னிடம் இருந்தது சவூதியிலிருந்து மச்சான் அனுப்பிய கேமரா. பொத்தானை அமுக்கினால் பிளாஷ் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வெட்டும். அது வெட்டுவதற்குள் இவன் தலை கிழக்கிலிருந்து மேற்கே போயிருக்கும். ஸ்டுடியோக்காரர் பிரிண்டுகளை நீட்டிக்கொண்டே, "என்னவே, காக்கா கூட்டைப் போயா இத்தனை தடவை எடுத்திருக்கீரு?" என்றார். அந்த ஆளிடம் அதற்குப் பிறகு நான் ரோல் கழுவக் கொடுக்கவே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கிற பாட்டுகளைப் பதிந்து கொடுக்கிற கடை. வீடு மேலப்பாளையம். வாப்பாவுக்குப் பாட்டும் பிடிக்காது, படம் எடுப்பதும் பிடிக்காது. ஒன்றைத் தொழிலாகவும் இன்னொன்றைப் பைத்தியமாகவும் வைத்திருந்த என்னை மட்டும் எப்படிப் பிடிக்கும்? வீட்டில் நான் இருக்கிற பக்கம் பார்த்துப் பேசமாட்டார்.

அவன் விக்கிரமசிங்கபுரத்துக்காரன். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் எல்லோரும் சினிமாப் பாட்டைச் சினிமாவில் பாடியவர் குரலிலேயே பாடத் தொண்டையை வளைத்துக்கொண்டிருந்தபோது, இவன் ஒருத்தன்தான் யார் மாதிரியும் இல்லாமல் பாடினான். தோளைத் தாண்டிய முடி, இடுப்புக்குக் கீழே தொங்கும் கிட்டார். இங்கிலீஷ் பாட்டின் வரிகளைத் தமிழ் எழுத்தில் உள்ளங்கையில் எழுதி வைத்திருப்பான். பாதி தப்பு. கேட்கிறவர்களுக்கு அது தப்பு என்று தெரிந்தால்தானே? ஆனால் குரல் மேலே போய்க் கிழிகிற இடம் ஒன்று உண்டு. அந்த இடம் வந்தால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். கோயில் கொடைத் திருவிழாவில் ராக் பாட்டுக்கு அழுதவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அந்த ராக் என்ற சொல்லும் அவனுக்கு ஒழுங்காக வாய்க்கவில்லை. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கொடைக்கு நோட்டீஸ் அடித்த அச்சகத்தில் 'ராகு பாடகர்' என்று அடித்துவிட்டார்கள். விழாக் கமிட்டி அண்ணாச்சி ஒருத்தர் மேடைக்கே வந்து, "கொடையில ராகு பாட்டுன்னா என்னவே? அப்ப கேது எப்ப பாடுவான்?" என்று கேட்டார். கேட்டது மைக்கில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் ராகு, டிரம்ஸ் அடிக்கிற பையன் கேது. கூட்டம் சிரித்தது, அண்ணாச்சி சிரித்தார், நானும் சிரித்தேன். அவன் மட்டும் நோட்டீசைக் கசக்கி அண்ணாச்சி மேலேயே எறிந்தான்.

முதன்முதலாக நான் படங்களைக் கொண்டுபோய்க் காட்டியபோது மேடைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிடித்ததைச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிடிக்காததை இரண்டாகக் கிழித்து என் கையிலேயே கொடுத்தான்.

"மூக்கு பெருசா விழுந்திருக்கு. மூக்கைப் பெருசாக் காட்டுததுக்கு ஒனக்கு எதுக்குலே கேமரா?"

நல்லா இருக்கு என்று ஒரு சொல் கிடையாது. கிழித்த துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சோற்றுப் பருக்கையை வைத்து ஒட்டினேன். வெட்கமாக இருக்கவில்லை. ஒருத்தன்மேல் பிரியம் வைத்துவிட்டால் சூடு சொரணை எல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை. அடுத்த கச்சேரிக்கு மைக் டெஸ்ட் நடக்கும்போதே, வெயில் இறங்குவதற்குள் போய் நின்றுவிட்டேன். வெளிச்சத்தில் எடுத்தால் மூக்கு சரியாக விழும் என்று.

அவன் கச்சேரிக்குத் தவறாமல் போகிற எங்களில் நாலைந்து பேர் அவனைப் பார்த்து முடியும் வளர்த்தோம். எனக்குச் சுருட்டை முடி. வளர வளர மேலே போனதே தவிரக் கீழே வரவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாப்பா அதிசயமாக என்னைப் பார்த்துப் பேசினார். "கோழிக்குக் கூடு கட்ட எடம் தேடிக்கிட்டிருந்தேன். கெடச்சிட்டு," என்றார். மறுநாளே வெட்டிவிட்டேன்.

சினிமா இல்லாத பாட்டுக் கேசட்டுகள் விற்கத் தொடங்கிய காலம். சென்னை கேசட் கம்பெனி ஒன்றின் ஆள் எங்கள் கடைக்கு அவ்வப்போது வருவார். ஒருதரம் அவரைப் பிடித்து உட்காரவைத்து, கச்சேரியில் நான் பதிந்த அவன் பாட்டைப் போட்டுக் காட்டினேன். காலாட்டிக்கொண்டே கேட்டார்.

"குரல் நல்லா இருக்கு பாய். ஆள் எப்படி இருப்பான்?"

படங்களைக் காட்டினேன். காலாட்டுவதை நிறுத்திவிட்டார். "இந்த முடி நெஜ முடியா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப தை பொறந்ததும் கூட்டிட்டு வாங்க. அட்டைக்கு நல்லதா நாலு படம் எடுத்துக் கொண்டாங்க. முடிய மட்டும் வெட்டிடாமப் பாத்துக்குங்க. முடியில்லாமப் பாடுறவன் எங்ககிட்ட எக்கச்சக்கமா இருக்கான்."

அன்றைக்கே விக்கிரமசிங்கபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அவன் வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. மில்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடு. முன்னறையில் கட்டிலில் அவன் அப்பா கிடந்தார். கண் மஞ்சள், கால் குச்சி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. அவன் அம்மா தரையில் உட்கார்ந்து அவருக்குக் கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்தாள். தம்பிக்காரன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவன் குளித்துவிட்டு வந்து வாசலில் முடியைக் காயவைத்துக்கொண்டிருந்தான்.

நான் விஷயத்தைச் சொன்னேன். மெட்ராஸ், கேசட், முடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் எழுந்து நின்றுவிட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மேடையில்கூட நான் பார்த்ததில்லை. அம்மா அரைப்பதை நிறுத்தவில்லை.

"முடியோட வரச் சொல்லுதானோ?" என்றாள். "அது யாரு முடின்னு கேட்டியாய்யா நீ?"

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால இவுகளுக்கு இதே சீக்கு. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. திருச்செந்தூரானுக்கு நேந்தேன். இவுக எந்திரிச்சு நடந்தா, மூத்தவன் முடியைக் கொண்டாந்து ஒன் வாசல்ல எறக்குதேன்னு. எந்திரிச்சாக. நடந்தாக. மில்லுக்குக்கூடப் போனாக. முடி எறங்கலை. இந்தா, இவன் தோள்ல நிக்கி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி, நாங்கள் ராக் என்று நினைத்துக் கும்பிட்ட முடி, திருச்செந்தூருக்குக் கொடுக்காத பாக்கியா? அப்போதுதான் தெருவில் 'முடி வளர்த்த பாட்டுக்காரன் வீடு' என்று வழி கேட்டபோது ஒருத்தர்கூடக் கேலி பண்ணாதது ஏன் என்று புரிந்தது. அவர்களுக்கு அதில் ராக்கும் இல்லை, ராகுவும் இல்லை. நேர்ச்சைக்கு வளர்க்கிறான், என்றைக்காவது இறக்குவான், அவ்வளவுதான். அவனும் முதலில் அதற்காகத்தான் வளர்த்திருக்கிறான். அதோடு மேடை ஏறியதும் கைத்தட்டல் கிடைத்திருக்கிறது. இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டிருக்கிறான். அப்பா மறுபடியும் படுத்துவிட்டார்.

"மாட்டேன்னு நான் சொல்லல," என்றான் அவன். "மெட்ராஸ் போய்ட்டு வந்து எறக்குதேன். சாமி எங்கயாவது ஓடியா போகப் போகுது?"

"சாமி ஓடாது. இவுக ஓடிருவாக."

கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவன் அப்பா என்னைப் பார்த்து, "பாத்தியாடே, என் உசுரு இவன் மசுருல தொங்குது," என்றார்.

"அப்ப எண்ணெ தேய்க்காம வச்சிருக்கேன்," என்றான் இவன். "வழுக்காமப் புடிச்சுக்கிடுங்க."

சாகக்கிடக்கிற அப்பனிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் அந்த மனுஷன் அதற்கும் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். இரண்டு பேருக்கும் ஒரே நாக்கு. அம்மா மட்டும் அம்மிக் குழவியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுய்யா. ஒங்க பள்ளிவாசல்ல நேந்துக்கிட்டதைக் குடுக்காம, அதை மேடையில ஏறி ஆட்டிட்டுத் திரிவாகளா?"

திரியமாட்டார்கள்தான். ஆனால் எனக்கு அந்தக் கேசட் வேண்டும். அவனுக்கு வேண்டியதைவிட எனக்கு அதிகமாக வேண்டும். நாடு முழுக்கக் கடைகளில் தொங்கப்போகிற அட்டையில் நான் எடுத்த படம் இருக்கும்.

அட்டைப் படத்தைப் பாபநாசத்தில் ஆற்றில் வைத்து எடுத்தோம். காலை வெயில். தண்ணீருக்குள் முங்கி எழுந்து பாறையில் உட்கார்ந்தான். ஆட்டாமல் இரு என்றேன். முதல் தடவையாக நான் சொன்னதைக் கேட்டான். முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கண்ணை நேராக என்னைப் பார்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் ஆயுசில் நான் எடுத்த நல்ல படங்கள் அந்த ஒரு ரோலில்தான் இருக்கின்றன. அவன் தாய்மாமன் குளிக்க வந்தவர் படித்துறையில் நின்று எங்களைப் பார்த்தார்.

"அப்பன் அங்கன இழுத்துக்கிட்டுக் கெடக்கான். மவன் இங்கன சாமி முடியை வச்சு ஷோ காட்டுதான். வெளங்குவியாலே நீ?"

"மாமா, பைய ஓரமாப் போங்க. படத்துல ஒங்க தொப்பை விழுது."

மாமா தண்ணீரில் துப்பிவிட்டுப் போனார். நான் அடுத்த படத்தை எடுத்தேன்.

பிரிண்டு வந்ததும் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறினேன். இந்தத் தடவை ஒன்றைக்கூடக் கிழிக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். வழியெல்லாம் உறையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். விக்கிரமசிங்கபுரத்தில் இறங்கியதும் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது. டீக்கடைக்காரரிடம் யார் என்று கேட்டேன். அவன் அப்பா பேரைச் சொன்னார்.

வாசலில் பந்தல் போட்டு பெஞ்சுகள் கிடந்தன. எங்கள் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்பன் செத்தால் மூத்த மகன் மொட்டை அடித்துக்கொண்டு கொள்ளி வைக்க வேண்டும். சவரம் செய்கிறவர் கிண்ணத்தோடு புழக்கடையில் காத்திருந்தார். அவன் யாரும் கூப்பிடாமல் தானாகவே வந்தான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் முன்னால் குத்தவைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். முடி முன்னால் விழுந்து தரையைத் தொட்டது.

"எறக்கும்வே," என்றான்.

கத்தி மேலே போவதற்குள் அவன் அம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டாள். அவள் அழுதுகொண்டிருக்கவில்லை.

"அதுல கத்தி படப்படாது," என்றாள். "அது சாமிக்கு விட்ட முடி. பொணத்துக்கு எறக்கப்படாது."

சவரக்காரர் கையை இறக்கிக்கொண்டார். பெரியவர்கள் கூடினார்கள். தாய்மாமன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அக்கா சொல்லுதது சரிதான். கொள்ளி வைக்கணும்னா மொட்டை போடணும். மொட்டை போடுததுக்கு அந்த முடி அவனுது இல்லையே. சின்னவனைக் கூப்பிடுங்க."

அவன் முதலில் நம்பவில்லை. அம்மா துக்கத்தில் கத்துகிறாள் என்று நினைத்திருப்பான். தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காரவைத்ததும்தான் உறைத்தது.

"அம்மா, நான்தானம்மா மூத்தவன். அப்பாவுக்கு நான்தானம்மா வைக்கணும்."

"மெட்ராசுக்கு முடியோட வரச் சொல்லியிருக்காம்லா. போ. ஆசைப்பட்டேல்லா, வச்சுக்கோ."

காலில் விழுந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள். சவரக்காரர் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கப் போனான். நாலு பேர் அவனைப் பிடித்து இழுத்து, வாழை மரத்தடியில் உட்காரவைத்துத் தோளை அமுக்கிக்கொண்டார்கள். அங்கே உட்கார்ந்தபடி தம்பியின் தலை மொட்டையாவதைப் பார்த்தான். எனக்கு அந்த அம்மாவை அறையலாம் போல இருந்தது. அவனையும் அறையலாம் போல இருந்தது. படங்கள் இருந்த உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

தூக்குவதற்கு முன்னால் பிணத்தைச் சுற்றிக் குடும்பம் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். "ஸ்டுடியோவுக்கு எதுக்கு ஆள் விடணும்? பாய்தான் கேமரா வச்சிருக்காருல்லா," என்றார் மாமா. நான் கேமராவை எடுத்தேன். தலைமாட்டில் அம்மா, பக்கத்தில் மொட்டைத் தலையோடு தம்பி, மாமா, அத்தைமார்கள். கால்மாட்டில் அவன் வந்து நின்றான். அவன் அம்மா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அவன் விழாம எடுய்யா."

அந்தக் கேமராவின் கண்ணாடிக்குள் எத்தனையோ கூட்டத்தில் அவனைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவனை வெளியே தள்ளுவதற்காகப் பார்த்தேன். நான் வலது பக்கம் நகர்ந்தால் பிணத்தின் கால் வெட்டுப்பட்டது. பின்னால் போக இடம் இல்லை. என் அவஸ்தையைப் பார்த்துவிட்டு அவனே சுவரோரமாக நகர்ந்தான்.

"இன்னும் தள்ளணுமாலே?" என்று கேட்டான்.

"போதும்," என்றேன். அமுக்கினேன். பிளாஷ் வழக்கம்போல யோசித்துவிட்டு வெட்டியது. தம்பி தீச்சட்டி தூக்கிக்கொண்டு முன்னால் போனான். இவன் முடியைத் துண்டால் கட்டிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நடந்தான்.

அப்பா செத்த வருஷம் முழுக்க மகன் கோயிலுக்குள் போகக்கூடாது என்பதால் திருச்செந்தூருக்கும் வழி அடைபட்டுப் போனது. வெட்டவும் முடியாது, இறக்கவும் முடியாது. மெட்ராசுக்குத்தான் போக முடியும். போனான். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கம்பெனிக்காரர் அவன் முடியைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கேசட் வந்தது. அட்டையில் பாபநாசம் பாறை, ஈர முடி, நேராகப் பார்க்கும் கண். யார் எடுத்த படம் என்று எங்கேயும் போடவில்லை. எங்கள் கடையில் நானே கட்டித் தொங்கவிட்டு விற்றேன். சுமாராகப் போனது.

ஊரில் அவனுக்குப் பேர் மாறிவிட்டது. ராகு போய் 'கொள்ளி' வந்தது. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கொடையில், கோயிலுக்கு வெளியே போட்ட மேடையில் அவன் பாட வந்து நின்றதும் கூட்டத்திலிருந்து எவனோ ஒரு எடுபட்ட பயல், "ஏலே, ஒங்கப்பனுக்குக் கொள்ளி வச்சது ஆருலே?" என்று குரல் கொடுத்தான். கொட்டகையே சிரித்தது. அவன் முழுப் பாட்டையும் பாடி முடித்தான். நான் படம் எடுத்தேன். இப்போது ஒவ்வொரு படத்திலும் முகம் தெளிவாக விழுந்தது. தலையை ஆட்டுவதை விட்டுவிட்டான். அந்தக் குரல் கிழிகிற இடமும் வரவில்லை. அங்கே வந்ததும் கீழே இறங்கிப் பாடினான். கம்பெனியும் அடுத்த கேசட்டைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

வருஷத் திதி முடிந்த அடுத்த நாள் கடைக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். திருச்செந்தூரில் முடி இறக்குவதைப் படம் எடுக்க வேண்டும், அம்மாவும் வருவாள் என்றான். வீட்டில் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, பொறப்படு. செந்தூருக்குப் போவம்."

"எதுக்கு?"

"முடி எறக்கணும்லா."

சுளகைக் கீழே வைத்தாள். "நீ குடுக்கலைன்னதும் சாமியே வந்து முடிக்குப் பதிலா அவுகளை எடுத்துட்டுப் போயிட்டு. நேத்துத் திதியோட அந்தக் கணக்கு நேராயிட்டு. இனி கொண்டு போனீன்னா காறித் துப்பும்." பேசும்போது அவள் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "நேத்து வரைக்கும் அது முடி. இனி வெறும் மசுரு. எங்கன வேணும்னாலும் போய்ச் செரைச்சுக்கோ."

மசுரு என்பது எங்கள் ஊரில் சண்டையிலும் கேலியிலும் சொல்கிற சொல். பெற்றவள் சொன்னாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.

ஜங்ஷனில் எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு சலூன். அங்கே போய் உட்கார்ந்தான். பக்கத்து நாற்காலியில் ஒருத்தர் சவரத்துக்குச் சோப்பு நுரையோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சலூன்காரர் முடியைக் கையில் எடை போட்டுப் பார்த்து, "சவுரிக்கு ஆகும் போலிருக்கே," என்றார். முழுசாக வழிக்கச் சொன்னான். முடி தரையில் விழுந்து, மற்றவர்கள் முடியோடு சேர்ந்து மூலைக்குப் போனது.

"எடுலே," என்றான். "அம்மாட்டக் காமிக்கணும். நான் எறக்கிட்டேன்னு அவ கண்ணால பாக்கணும்."

எடுத்தேன். பிரிண்டு வந்ததும் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தோம். ஏதாவது சொல்வாள், திட்டவாவது செய்வாள் என்று அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிதானமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"படம் நல்லா விழுந்திருக்குய்யா," என்றாள். "ஆரு பெத்த பிள்ளையோ."

அவன் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.